பூ வைத்த எஞ்சின்

எங்கள் காருக்கு வெளியே ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆமை ஓடு மாதிரி உருண்ட முதுகு, முழித்துப் பார்க்கும் இரண்டு விளக்கு, பால் தூக்கலாகக் கலந்த காப்பியின் நிறம். ரப்பர் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது, கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அப்பாவுக்கு மலிவாகத் தள்ளிவிட்டுப் போன வண்டி. அதற்குப் பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் மலேசியாவின் பத்து காஜா ஊர்ப் பக்கத்திலிருந்து ஈப்போவுக்கு வீடு மாறினோம். கட்டிலும் அலமாரியும் சாமி படங்களும் லாரியில் வந்தன. அம்மாவும் நானும் இந்தக் காரில் ஜமீன் வீட்டுப் பெண்கள் மாதிரி வந்து இறங்கினோம். புதுத் தெருவே வெளியே வந்து பார்த்தது.

குறையெல்லாம் உள்ளேதான். போனட்டைத் திறந்தால் தெரியும். தோட்டத்துச் செம்மண் ரோட்டின் புழுதி எண்ணெயோடு குழைந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடியும் குழைந்து காய்ந்து, எது எஞ்சின் எது அழுக்கு என்று பிரிக்க முடியாத ஒரே கறுப்புக் கட்டியாக இருந்தது. ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் யாருக்கும் காட்ட முடியாது.

அந்த எழுபதுகளின் கடைசியில் பெட்ரோல் போடப் போனால், நாம் கேட்காமலேயே ஆள் வந்து கண்ணாடியைத் துடைப்பார், போனட்டைத் தூக்கித் தண்ணீர் பார்ப்பார். அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "தண்ணி வேணாம், தண்ணி வேணாம்" என்று பஸ்ஸை மறிக்கிற மாதிரி மறிப்பார். ஒரு நாள் புது ஆள். அப்பாவின் கையைவிட அவர் கை வேகம். போனட் மேலே போய்விட்டது.

"வா, அங்கிள்! இனி எஞ்சின்கா, குவாலிகா?"

எஞ்சினா இல்லை வறுக்கிற இரும்புச் சட்டியா என்று மலாயில் கேட்கிறார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது எதிர்வீட்டுக்காரரின் புத்தம் புது ஜப்பான் கார். அதிலிருந்து ஒரு குடும்பமே சிரித்தது. அப்பா வண்டியை எடுத்தார். வீடு வரைக்கும் கியர் மாற்றும் சத்தம் மட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்து, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார் (அவருக்குக் கார் என்றால் காடி): "தீபாவளிக்குள்ள காடிய வித்துடப் போறேன்."

"ஏம்பா?"

"குவாலிய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? ஒங்கம்மாகிட்டயே ரெண்டு இருக்கு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து பதில் வருமா வராதா என்று வீட்டுக்குள்ளேயே நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் எனக்கென்று இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். தோட்டத்து ரோட்டில், இரண்டு பக்கமும் பால் மரம் ஓட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை என்னை ஓட்டவிட்டிருக்கிறார். அதிலிருந்து ஒரே ஆசை: லைசன்ஸ் எடுக்க வேண்டும், கேமரன் மலை ஏற வேண்டும், பினாங்குப் பாலம் கட்டப்போகிறார்களாமே, கட்டினால் அதிலும் போக வேண்டும். இன்னொரு கார் வாங்குகிற குடும்பம் இல்லை எங்களுடையது. இது போனால் பஸ்தான்.

அழுதேன், வாதாடினேன், பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய ஆங்கிலக் கார் பத்திரிகைகளை அவர் மடியில் விரித்தேன். அதில் எல்லா எஞ்சினும் கல்யாண வீட்டு வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. "இதுவும் நம்ம எஞ்சின்தாம்பா! அதே எஞ்சின்! நான் இப்படி ஆக்கிக் காட்டுறேன்."

அப்பா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"சரி பாப்பா. தீபாவளிக்கு முந்தி, வெளி ஆளு ஒருத்தரு, என் முன்னாடி, போனட்டத் தொறந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும். நான் விக்க மாட்டேன். வீட்டு ஆளுங்க சொன்னா செல்லாது. ஒங்கண்ணன் சொன்னா சுத்தமா செல்லாது."

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். மெங்லெம்புவில் பழைய இரும்புக் கடையில் வேலை. வாயைத் திறந்தால் பத்தில் எட்டு புளுகு. அப்பாவோ நேர் எதிர். தோட்டத்தில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, நின்று சொன்ன ஒரு வார்த்தையை அவர் மறுநாள் மாற்றியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே எனக்கு வேண்டியது ஒரே ஒரு வெளி ஆள், இரண்டே இரண்டு சொல்.

பத்திரிகையில் போட்டிருந்த குரோம் மூடி, பின்னல் போட்ட எஃகுக் குழாய் எதையும் நான் கனவில்தான் வாங்க முடியும். கையில் காசு இல்லை. ஆனால் வீடு நிறையச் சாமான் இருந்தது. மண்ணெண்ணெய், தேங்காய் நார், துணி சோப்பு, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ். இடுக்குகளில் பாறையாக உட்கார்ந்திருந்த கிரீஸ் எதற்கும் அசையவில்லை. அப்போதுதான் பரணில் கிடந்த பால் வெட்டுகிற கத்தி ஞாபகம் வந்தது. மரத்தின் பட்டையை மெல்லிசாகச் சீவுவதற்கென்றே முனை வளைந்த கத்தி. கிரீஸ் அதற்குப் பட்டை மாதிரி சுருள் சுருளாக உரிந்து வந்தது. சீவச் சீவ உள்ளே எழுத்துகள் தெரிந்தன, எண்கள் தெரிந்தன, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பித்தளைக் குழாய் தெரிந்தது.

பித்தளையைப் பார்த்ததும் கை தானாகப் புளிப் பானைக்குப் போனது. அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"குத்துவிளக்குத் தேய்க்கக் கூப்பிட்டா ஆளு வராது. எஞ்சினுக்கு மட்டும் அபிஷேகமா?"

"ஒரு உருண்டதாம்மா."

"ராத்திரி ரசம் வெக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம் தண்ணீராகத்தான் இருந்தது. பித்தளைக் குழாய் பொன்னாக மின்னியது.

அடுத்தது பெயிண்ட். பத்திரிகைப்படி எங்கள் எஞ்சினின் பிறவி நிறம் ஒரு மங்கலான பச்சை. அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே பால் டின்னில் பெயிண்டோடு வந்து நின்றார். மூடியைத் திறந்தால் கண் கூசுகிற கிளிப்பச்சை.

"எங்கேர்ந்து அண்ணே?"

"கோயில்ல கோபுரத்துக்குச் சாயம் அடிக்கிறாங்கல்ல? அம்மன் கையில இருக்கற கிளிக்கு அடிச்ச மிச்சம். சும்மா கேட்டேன், குடுத்துட்டாங்க லா."

"இத அடிச்சா எஞ்சின் பறந்து போயிடும் அண்ணே."

"பறந்தா நல்லதுதான, எண்ணெய் மிச்சம்."

கொஞ்சம் கறுப்புப் பெயிண்ட் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கலந்து, முருங்கைக்கீரை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் தலையில் கவிழ்த்திருக்கும் டேப்பட் மூடிக்கும் எஞ்சின் உடம்புக்கும் அது. பேட்டரித் தட்டுக்கு மிச்சக் கறுப்பு. காற்று வடிகட்டிக்கு, தகரக் கூரைக்கு அடிக்கிற வெள்ளி நிறம். ரேடியேட்டர் ஹோஸ்தான் இடித்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், ஒரு முழம் ரப்பர் குழாய் வாங்க வழி இல்லை! பழைய குழாயையே கழுவிக் காயவைத்து, பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ பாலிஷைப் பூசித் துணியால் தேய்த்தேன். கடையில் இப்போதுதான் வாங்கிய மாதிரி பளபளத்தது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மரியாதை அதிகமானால் வருவது வந்தது. ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற ஒயர்கள் தலைவிரி கோலமாகக் கிடந்தன. அதை அப்படியே விட மனசு வரவில்லை. பிரித்தெடுத்து, துடைத்து, எனக்கு நானே போட்டுக்கொள்வது மாதிரி அழகாக ஒரு பின்னல் பின்னி, நுனியில் பள்ளிக்கூட ரிப்பனும் கட்டினேன். ஸ்டார்ட் செய்தால் கார் இருமுகிறது, தும்முகிறது, நின்ற இடத்தில் குதிக்கிறது. நெருக்கிப் பின்னினால் ஒரு ஒயரின் மின்சாரம் அடுத்ததற்குத் தாவிவிடும் என்பது பத்திரிகையில் வேறு பக்கத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொம்பளப் புள்ளைக்குத்தான் சட பின்னுவாங்க. நீ எஞ்சினுக்குப் பின்னிட்ட. பூ மட்டும்தான் பாக்கி!"

பின்னலை அவிழ்த்தேன். ஒயர்களைத் தனித்தனியாக இடம் விட்டு ஓடவிட்டேன். எஞ்சின் பழையபடி பதமாக உறுமியது. அண்ணன் பேச்சில் உண்மை பத்தில் இரண்டுதான் என்று சொன்னேன் அல்லவா, அந்த இரண்டில் ஒன்று அன்றைக்கு அவர் சொன்ன கடைசி வாக்கியம். அது எனக்கு அப்போது தெரியாது.

இனி வெளி ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஈப்போ பாடாங் திடல் ஓரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் கூடி நின்று போனட்டைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணனை இழுத்துக்கொண்டு போய், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விலாசம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்க்கிறேன்" என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை. நான் தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை அம்மா அடுப்படியிலிருந்து, முகத்தைத் திருப்பாமலேயே சொன்னாள்:

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் பாக்க வராங்களாம்."

நான் அடுப்படிக்கு ஓடினேன். "நெசமாவா? ஆள் அனுப்பினாங்களா?"

"ம். அப்பாகிட்ட சொல்லியாச்சு. பாக்குறப்ப பளிச்சுன்னு இருக்கணும். எண்ணெ வழியக் கூடாது."

"வழியாதும்மா! எல்லாத்தையும் தொடச்சிடுறேன்."

"சத்தம் கித்தம் போடக் கூடாது. அடக்கமா இருக்கணும்."

"சும்மா நின்னா சத்தமே கேக்காதும்மா. நீங்களே கேட்டுப் பாருங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது ஆச்சரியம். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வேன் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நானோ, காரின் விஷயத்தில் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா என்னை நாலு மணிக்குக் குளிக்கச் சொல்லியிருந்தாள். கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டுக் குளிக்கலாம் என்று போனட்டைத் திறந்து வைத்திருந்தேன். அப்பாவின் பழைய சட்டை, கைலி, கொண்டையில் செருகிய பென்சில், முழங்கை வரை ஷூ பாலிஷ். அண்ணன் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் வெள்ளை வேட்டி கட்டிய தாட்டியான ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் பட்டுச்சேலை கட்டிய அம்மையார் ஒருவர். அவருக்கும் பின்னால், சட்டைக் காலர் வரைக்கும் பித்தான் போட்ட ஓர் இளைஞர்.

தாட்டியானவர் வீட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகக் காரிடம் நடந்தார். நான் முடிவு செய்துவிட்டேன்: சீனப் பெரியவர் தனக்குப் பதிலாக நம் ஆளையே அனுப்பியிருக்கிறார்.

"வாங்க, வாங்க! ஒங்களுக்காகத்தான் தொறந்து வெச்சிருக்கேன்."

பட்டுச்சேலைக்காரர் திகைத்து நின்றார். அவர் கையில் பழம், பிஸ்கட் டின், வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம். கார் பார்க்க வருகிறவர்கள் பூ எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்கு ஒரு நொடி இடித்தது. பிறகு புரிந்துவிட்டது. நம் ஆட்கள் அல்லவா, பழைய வண்டி என்றால் முதலில் பூப் போட்டுத்தான் தொடுவார்கள்!

"காடிக்குங்களா? குடுங்க, குடுங்க" என்று நானே சரத்தை வாங்கி, திறந்த போனட்டின் தாங்கு கம்பியில் வளைத்துக் கட்டினேன். முருங்கைப் பச்சைக்கு மேல் வெள்ளை மல்லிகை. அப்படியொரு அழகு!

வாசலில் அண்ணன் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

தாட்டியானவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். "இந்த மாதிரி ஒரு ஆமைக் காடிய எங்க தோட்டத்துத் துரை வெச்சிருந்தாரு. கிட்ட போனா வெரட்டுவாங்க. இன்னைக்குத்தான் உள்ள பாக்குறேன். எங்கே, ஸ்டார்ட் பண்ணும்மா."

பண்ணினேன். எஞ்சின் அம்மா சொன்ன மாதிரியே அடக்கமாக இருந்தது. ஆனால் புதுப் பெயிண்டுக்குச் சூடு ஏற ஏற, மூடியின் ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. என் உயிர் போய்விட்டது. அண்ணன் சட்டென்று எழுந்து வந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க, கோயில் சாயம். சாம்பிராணி மாதிரி கொஞ்ச நேரம் போகும், அப்புறம் நின்னுடும்."

தாட்டியானவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். பித்தளைக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஹோஸைத் தடவி, விரலில் ஒட்டிய கறுப்பை முகர்ந்து, அதற்கும் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"நல்லா இருக்கு! ரொம்ப நல்லா இருக்கு!"

"அப்பா!" என்று நான் கத்தினேன். "சொல்லிட்டாரு! சொல்லிட்டாரு!"

அப்பா ஏற்கனவே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால் காப்பித் தட்டோடு அம்மா. அம்மாவின் கண் என் கைலியிலிருந்து ஷூ பாலிஷ் கைக்கு வந்தது, அங்கிருந்து போனட்டில் தொங்கிய மல்லிகைக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"அடிப் பாவி," என்றாள், கீழ்க்குரலில். "ஒன்னயப் பாக்க வந்தவங்கடி."

பெண்ணுக்கு வைக்கக் கொண்டுவந்த பூ. அதைப் பெண்ணே வாங்கி எஞ்சினுக்கு வைத்துவிட்டது. பட்டுச்சேலைக்காரர் மகனைப் பார்த்தார், மகன் தன் ஷூவைப் பார்த்தார். தாட்டியான பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், கமுந்திங்கிலிருந்து வந்திருந்தார்.

"பூ வெச்சாச்சே! இனிமே இந்தக் காடி எங்க வீட்டுக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. நான் பின்பக்கமாக ஓடிக் குளித்து, சேலை கட்டி, நகத்தில் மட்டும் போகாத கறுப்போடு காப்பி கொடுத்தேன். மாப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நானும் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. என் காது முழுக்கத் தாய்மாமன் பக்கம் இருந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று காப்பி பாதியாவதற்குள் தெரிந்துவிட்டது.

"கிராணி, நேரா கேக்குறேன். காடியக் குடுத்துடுங்க. நீங்க சொல்றதுதான் வெல."

நான் தட்டோடு அப்படியே நின்றேன். விற்கப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்த அப்பா. வாசலில் கேட்ட விலைக்கு வாங்க ஆள். நான்தான் தேய்த்து, பூசி, பூவும் வைத்து, இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா அப்பாவை ஆவலாகப் பார்த்தாள். அப்பா காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க எஞ்சினப் பாத்து என்னா சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"மனசார சொன்னீங்களா? புள்ள மொகத்துக்காகவா?"

"சத்தியமா மனசாரத்தான்யா."

"அப்ப விக்க முடியாதுங்க."

"என்னாய்யா இது! நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா?"

"வித்திருப்பேன்."

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். "அப்ப நல்லா இல்ல!"

"மொத சொன்னதுதான் செல்லும்" என்றார் அப்பா.

கதவோரம் நின்ற அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். நான் தட்டோடு அடுப்படிக்குப் போய், யாரும் பார்க்காதபோது ஒரு குதி குதித்தேன். தம்ளர்கள் சத்தம் போட்டன. அடக்கமாக இருக்க முடியவில்லை.

ஜாதகம் பொருந்தவில்லை என்று பத்து நாளில் சேதி வந்தது. "ஒனக்கா, காடிக்கா?" என்று அண்ணன் கேட்டார். அம்மா தீபாவளி வரை என்னோடு அளந்துதான் பேசினாள். பாடாங்கில் பார்த்த சீனப் பெரியவர் கடைசி வரை வரவேயில்லை.

அந்தப் பெண் பார்த்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, அப்பா என்னைக் காரில் ஏறச் சொன்னார். பெட்ரோல் போட வேண்டிய அவசியமே இல்லை, டாங்கி நிறைய இருந்தது. இருந்தாலும் அதே நிலையத்துக்குப் போனார். அதே ஆள் வந்தார். அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார், ஆனால் மறிக்க இல்லை.

"தண்ணி பாரு" என்றார்.

அந்த ஆள் போனட்டைத் தூக்கினார். காய்ந்துபோன மல்லிகைச் சரம் இன்னும் கம்பியில் இருந்தது. உள்ளே பார்த்தார், ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், தண்ணீர் ஊற்றினார், மூடினார், துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த ஆளையே கண்ணால் தொடர்ந்தார்.

"ஒண்ணுமே சொல்லலையே பாப்பா."

"குவாலின்னு சொல்லலையேப்பா."

கியரைப் போட்டார். ரோட்டுக்கு வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"மெங்லெம்புல ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு," என்றார். "அங்க போய்ப் பாக்கலாமா?"